அறுபது பேர் வகுப்பில் யார் பேசுகிறார்கள்?

"அறுபது பேரை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்க முடியுமா?" ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி. அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறவன் நான். அதன் நியாயம் தெரியும். 2009 கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஒன்பதாம் வகுப்பு அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. 45 நிமிடப் பாடவேளையில் நான் வாயே திறக்காவிட்டாலும் ஆளுக்கு முக்கால் நிமிடம்தான்.

அந்த முக்கால் நிமிடமும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பதைத்தான் நாம் பேச மறுக்கிறோம். கேள்வி கேட்டதும் கை தூக்குவது யார்? வீட்டில் ஆங்கிலம் காதில் விழுந்த பிள்ளை, டியூஷன் போகும் பிள்ளை. ஆசிரியர் அவர்களோடு உரையாடுவார். மற்றவர்கள் கரும்பலகையைப் பார்த்து எழுதுவார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த தலித் பிள்ளை, வருடம் முழுக்க ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் தேர்ச்சி பெற்றுவிடலாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் எழுத்துத் தேர்வுதான். நாளை வேலைக்குப் போனால் 'கம்யூனிகேஷன் ஸ்கில் இல்லை' என்பார்கள். 'தகுதி, திறமை' என்ற பழைய பல்லவிக்குப் புதுப்பெயர் இது.

வழி இல்லாமல் இல்லை. இருவர் இருவராகப் பேசவிட்டால் ஒரே நேரத்தில் முப்பது வாய்கள் திறக்கும். ஒருவர் கையில் பேருந்து நேர அட்டவணை. மற்றவர் ஆங்கிலத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இரைச்சல் வரும். தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும். எல்லாப் பிழையையும் திருத்த முடியாது, வேண்டியதும் இல்லை. பலரும் செய்யும் இரண்டு பிழைகளைக் கடைசியில் பலகையில் எழுதினால் போதும்.

சிக்கல் ஜோடி சேர்ப்பதில்தான். 'பிடித்தவரோடு சேருங்கள்' என்றால் தெருவாரியாகச் சேர்வார்கள். ஊர்ப் பிள்ளைகள் ஒருபக்கம், காலனிப் பிள்ளைகள் ஒருபக்கம். நாங்குநேரி வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் மாணவரை அகர வரிசையில் உட்காரவைக்கச் சொன்னது. நான் அப்படித்தான் உட்காரவைக்கிறேன். வாரம் ஒருமுறை ஓர் இடம் நகர்த்துகிறேன்.

"எம்புள்ளைய ஏன் சார் அவன் பக்கத்துல உக்கார வச்சீங்க?" என்று ஒரு தகப்பனார் வந்தார். "இங்கிலீஷ் பேச ஆள் மாறணும்ணே. ஒரே ஆள்கிட்ட பேசினா வராது" என்றேன். சொன்னது கற்பித்தல் முறை பற்றிய உண்மை. அவருக்கு வேறொன்றும் புரிந்திருக்கும். இடத்தை நான் மாற்றவில்லை.