திருச்சபை தமிழில் பேசுமா?

பதுளை நகரிலே புனித மாற்கு ஆலயம் உண்டு. மேஜர் ரொஜர்ஸ் என்ற வெள்ளை அதிகாரியின் நினைவாக எழுந்த ஆலயம் அது. 1845 ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட இவர், தம் வாழ்நாளில் 1,400 யானைகளுக்குக் குறையாமல் சுட்டு வீழ்த்தினார் என்று சொல்லப்படுகின்றது. ஆண்டவன் படைத்த அத்தனை உயிர்களையும் வேட்டையாடிக் கொன்றவருக்கு ஆலயமே எழுப்பியது திருச்சபை. ஆயின் எவருக்கும் தீங்கு நினையாத ஓர் இளைஞன், ‘என் உள்ளம் நாடுவது பெண்ணையன்று’ என்று சொல்லிவிட்டால் மட்டும் அதன் முகம் சுளிக்கின்றது! இதனை விந்தை என்பதா, வேதனை என்பதா?

“நாங்கள் யாரையும் விரட்டவில்லையே, வாசல் திறந்துதானே இருக்கிறது?” என்பர் சபையின் பெரியோர். மெய்தான். வரலாம், உட்காரலாம், பாடலாம். நத்தார் காலத்தில் பாலன் குடில் கட்டலாம். தன்பாலை விரும்புவோரும் திருநங்கையரும் செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று. தாம் யார் என்பதைச் சொல்லக்கூடாது. பேசாதிருந்தால் பிள்ளை, பேசினால் பாவி! வாய்ப்பூட்டுப் போட்டு உள்ளே அழைப்பதற்கு வரவேற்பு என்று பெயர் சூட்ட நாம் ஒருப்படோம்.

கொழும்பிலே பிறந்தவன் ஒருவேளை ஊருக்குள் ஒளிந்து வாழலாம். பசறையிலும் லுணுகலையிலும் தெமோதரையிலும் ஒளிய இடம் ஏது? லயத்துக் காம்பராவில் ஒருவன் இருமினால் அடுத்த காம்பராவிலே கேட்கும். மறைத்து வைக்க அங்கே அறையும் இல்லை, தனிமையும் இல்லை. எல்லோருக்கும் தெரியும்; எவரும் பேசார். பேசுகிறவன் ஒருவன் உண்டு. ‘பொலிசுக்குச் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டிக் காசு பறிக்க நினைப்பவன் அவன். அவன் கையில் நாட்டின் சட்டமே ஆயுதமாய் இருக்கின்றது.

அந்தச் சட்டம் யாது? தண்டனைச் சட்டக்கோவையின் 365 ஆம், 365அ ஆம் பிரிவுகள். முன்னதற்குப் பத்தாண்டு வரையும் பின்னதற்கு இரண்டாண்டு வரையும் சிறை. 1883 இல் வெள்ளையர் ஆட்சி நமக்கு எழுதித் தந்தது இக்கோவை. ‘இதெல்லாம் மேனாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது’ என்று முழங்குவோர் இதனைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும். கப்பலில் வந்து இறங்கியது காதலன்று; கைவிலங்கே! இங்கிலாந்து தன் கைவிலங்கை 1967 இல் கழற்றத் தொடங்கிவிட்டது. நமது நாடாளுமன்றமோ 1995 இல் இப்பிரிவைத் திருத்தியபோது அதை நீக்கவில்லை. பெண்களையும் அதற்குள் இழுத்துப் போட்டது. சமத்துவம் எப்படி வந்தது பார்த்தீர்களா!

இச்சட்டத்தைப் பற்றித் திருச்சபைகளின் தலைமைப் பீடங்கள் சொல்லியிருப்பது என்ன? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2023 ஜனவரியில் ஒரு செய்தி நிறுவனத்துக்கு அளித்த பேட்டியில், தன்பாலீர்ப்பு குற்றமன்று என்று ஐயத்துக்கு இடமின்றி உரைத்தார். பாவம் வேறு, குற்றம் வேறு என்று பிரித்துக் காட்டினார். இத்தகைய சட்டங்களை ஆதரிக்கும் ஆயர்கள் மனம் மாற வேண்டும் என்றும் சொன்னார். அவர் கத்தோலிக்கக் கோட்பாட்டைக் கைவிட்டவரல்லர் என்பதைக் கவனிக்க. அங்கிலிக்கன் சபைகளின் தலைமைப் பேராயர்கள் 2016 ஜனவரியில் கன்ரபரியில் கூடினர். தன்பால் திருமணத்தை ஏற்ற அமெரிக்கச் சபையைக் கண்டித்து ஒதுக்கிய கூட்டம் அது. அதே கூட்டந்தான், தன்பாலீர்ப்பினரைச் சிறைக்கு அனுப்பும் சட்டங்களைத் தாம் ஏற்கவில்லை என்றும் அறிவித்தது. திருமணத்தை மறுப்பவர்கள்கூடச் சிறையை மறுத்துவிட்டார்கள்!

உரோமாபுரியும் கன்ரபரியும் சொன்ன இச்சொற்கள் ஊவாத் தோட்டங்களின் சிற்றாலயங்களில் எத்தனை முறை தமிழில் ஒலித்தன? கேட்டவர் இருந்தால் கை தூக்கட்டும்.

சட்டத்தை மாற்ற வாய்ப்பு வராமலும் இல்லை. 2022 இல் ஐக்கிய நாடுகளின் பெண்கள் உரிமைக் குழு, ரொசான்னா பிளேமர்-கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில் இலங்கை அரசு தவறிழைத்ததெனத் தீர்மானித்தது. பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றமும் கூறியது. அச்சட்டமூலமோ நிறைவேறாமலே 2024 இல் கலைந்த நாடாளுமன்றத்தோடு கலைந்தது.

‘வேதம் தடுக்கிறதே’ என்பாருக்கும் ஒரு வார்த்தை. அப்போஸ்தலர் நடபடிகளின் எட்டாம் அதிகாரத்திலே, எருசலேமிலிருந்து திரும்பும் எத்தியோப்பியர் ஒருவரின் இரதத்தில் பிலிப்பு ஏறிக்கொள்கிறார். வழியில் நீரைக் கண்டதும் அம்மனிதர், தாம் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று கேட்கிறார். மூலமொழி அவரை அண்ணகர் என்கின்றது. ஆண், பெண் என்ற இரு வரிசையிலும் நிற்க இடமில்லாதவர். பழைய நியாயப்பிரமாணப்படி சபைக்குள் வரத் தகாதவர். நம் பழைய தமிழ் வேதாகமமோ அவரை ‘மந்திரி’ என்று சொல்லிக் கடந்துவிட்டது! தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து உபதேசிமார் மந்திரியின் கதையைச் சொன்னார்கள். அண்ணகரின் கதையை மக்கள் கேட்டிலர். ஏசாயாவின் ஐம்பத்தாறாம் அதிகாரத்தில் அதே அண்ணகருக்குப் புதல்வரிலும் மேலான பெயர் வாக்களிக்கப்பட்டிருப்பதையும் அறிந்தவர் சிலரே. பிலிப்பு அந்த மனிதரிடம் நிபந்தனை பேசவில்லை. அவரோடு தண்ணீரில் இறங்கினார்.

மலையகத்தார்க்குப் பெயர் மறுக்கப்படுவதன் வலியை நாம் விளக்க வேண்டியதில்லை. அங்கிலிக்கன் சபை 1854 இல் நம் முன்னோரிடையே தொடங்கிய ஊழியத்துக்கே ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்றுதான் பெயர். ஞானஸ்நானம் கொடுத்தார்கள், கூலி என்ற பட்டத்தையும் விட்டு வைத்தார்கள்! பின்னர் 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, உழைக்கலாம், உரிமை கேட்கலாகாது என்றது. இருக்கலாம், ஆனால் இன்னார் என்று சொல்லலாகாது என்ற அதே தீர்ப்பை இன்று நம்மவரே நம் பிள்ளைகளுக்கு வழங்கலாமா?

வேறொரு மரபும் இம்மண்ணில் உண்டு. 1972 இல் பதுளை மறைமாவட்டம் பிறந்தபோது, கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார வசதியான அவ்விருக்கையை விட்டு இந்த ஏழை மறைமாவட்டத்துக்கு வந்தார். பண்டாரவளையில் சேவக செவன என்ற பயிற்சி இல்லத்தைத் தொடங்கினார். ஓரத்தில் நிற்பவனிடம் திருச்சபை தானே நடந்து போகவேண்டும் என்பதற்கு அவர் பாதங்களே சான்று.

‘சம்பளம் இல்லை, காணி இல்லை, இதுவா இப்போது?’ என்று கேட்கும் தொழிற்சங்க நண்பர்களே! கொழுந்துக் கூடை சுமக்கும் முதுகுகளில் இவர்கள் முதுகும் உண்டு. சந்தா வாங்கும்போது யார் எவர் என்று பார்த்தீர்களா?

திருமணச் சடங்கை மாற்றுங்கள் என்று நாம் இன்று கேட்கவில்லை. அதனைச் சபைகள் தம் மன்றங்களில் வாதாடட்டும். நாம் கேட்பது சிறிது. பதுளை ஆயரும், அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளின் குருமாரும், 365 ஆம் பிரிவும் 365அ ஆம் பிரிவும் நம் பிள்ளைகள் தலைமேல் தொங்கலாகாது என்று ஒரு மடல் எழுதட்டும். ஆங்கிலத்தில் எழுதிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டாம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில், அப்புத்தளை முதல் லுணுகலை வரை உள்ள ஒவ்வோர் ஆலயத்திலும் வாசிக்கட்டும். பதுளை மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அதன் பிரதி ஒன்று போகட்டும்.