கோவில் மின்னஞ்சலுக்கு எந்த நிறுவனம்? முதல்ல வெளியே வர்ற வழியைக் கேளுங்க



கோவில் அறிவிப்புகளை மின்னஞ்சல்ல அனுப்புறதுக்குப் புதுசா ஒரு சேவை நிறுவனத்தை எடுக்கலாம்னு நிர்வாகக் குழு பேசிக்கிட்டு இருக்கிறது உங்கள்ல பல பேருக்குத் தெரியும். "எந்தக் கம்பெனி?", "என்ன விலை?", "என் மருமகன் அந்த லைன்லதான் இருக்கார், கேட்டுப் பாக்கட்டுமா?"ன்னு அன்னதானக் கூடத்துல வாராவாரம் விசாரிப்பு. முடிவு எடுக்கப் போறது நிர்வாகக் குழு. நான் அறிவிப்பு வேலை பாக்குற ஒரு தொண்டூழியர், அவ்வளவுதான். இதுல எழுதுறது என் சொந்தக் கருத்து. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். ஒரு நிறுவனம் என்னென்ன செஞ்சு தரும்னு கேக்குறதுக்கு முன்னாடி, நாளைக்கு அதை விட்டு நாம எப்படி வெளியே வரலாம்னு கேக்கணும். அதுக்கு நேரான பதில் சொல்லாதவங்க எவ்வளவு மலிவா இருந்தாலும், எவ்வளவு தெரிஞ்சவங்களா இருந்தாலும், பட்டியல்ல இருந்து அங்கேயே கழிச்சிடணும்.

ஏன் இவ்வளவு கறாரா பேசுறேன்னா, இப்போ நாம படுற பாடு அப்படி. கோவில் மின்னஞ்சல் பட்டியல்ல கிட்டத்தட்ட 4,000 முகவரி இருக்கு. அது பல வருஷமா ஒரு பழைய தொண்டூழியரோட சொந்த ஜிமெயில் கணக்குக்குள்ள கிடக்குது. நல்ல மனுஷர், கோவிலுக்கு நிறைய உழைச்சவர். வேலை மாறி வெளிநாடு போயிட்டார். சாதாரண ஜிமெயில்ல ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும். அவர் அங்க உட்கார்ந்து, வேலை முடிஞ்சு வந்து, பகுதி பகுதியா அனுப்புறார். எல்லாருக்கும் போய்ச் சேர எட்டு நாள். நவராத்திரி அறிவிப்பு சில உபயக் குடும்பங்களுக்கு மூணாம் நாள் பூசை முடிஞ்ச பிறகுதான் கிடைச்சது. அந்த அம்மாமார்கள் கவுன்டர்ல வந்து வருத்தப்பட்டப்போ பதில் சொல்ல வார்த்தை இல்ல. கோவில் சொத்து ஒரு தனி ஆள் கணக்குல மாட்டிக்கிட்டா இதுதான் நடக்கும். நாளைக்கு அதே பட்டியல் ஒரு கம்பெனி கையில மாட்டிக்கிட்டா இதைவிட மோசம். அந்தத் தொண்டூழியர் நம்ம அண்ணன், போன் போட்டா எடுப்பார். கம்பெனி எடுக்குமா?

🔸 நிறுவனங்களைக் குறைக்கிறதுக்கு முன்னாடி தகவலைக் குறைங்க

அர்ச்சனைக்கும் உபயத்துக்கும் நீங்க எழுதிக் கொடுக்கிற தாள்ல என்னவெல்லாம் இருக்கு? பெயர், நட்சத்திரம், பிள்ளைகள் பெயர், கைப்பேசி எண், வீட்டு முகவரி, எவ்வளவு வெள்ளி கொடுத்தீங்க என்ற விவரம். சாமிக்கு முன்னாடி நம்பிக்கையோட கொடுத்தது. ஒரு மின்னஞ்சல் அனுப்ப இதுல எது தேவை? பெயரும் மின்னஞ்சல் முகவரியும் மட்டும்தான். மீதி எதையும் எந்த நிறுவனத்துக்கும் ஏத்தவே கூடாது என்பது என் கருத்து. நம்மகிட்ட இருந்து போகாத தகவல் அவங்ககிட்ட இருந்து கசிய முடியாது.

சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்குது. சிங்கப்பூரோட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012ல வந்தது, அதோட முக்கிய விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்புல இருக்கு. "நாம கோவில், வியாபாரம் இல்லையே"ன்னு சிலர் நினைக்கிறாங்க. இந்தச் சட்டம் அறநிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் சேர்த்துத்தான். தொண்டூழியர் செய்யுற வேலைக்கும் அமைப்புதான் பொறுப்பு. வெளி நிறுவனத்துக்கிட்ட வேலையைக் கொடுத்தாலும் பொறுப்பு நம்மகிட்டயே இருக்கும். 2021 பிப்ரவரி 1 முதல், 500 பேர் அல்லது அதுக்கு மேல பாதிக்கிற தகவல் கசிவு நடந்தா, அதை உறுதி செஞ்ச மூணு நாளுக்குள்ள ஆணையத்துக்குத் தெரிவிக்கணும். நம்ம பட்டியல் 4,000. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

🔸 கழிச்சுக் கட்டுற நாலு கேள்வி

மேசையில இப்போ பன்னிரண்டு நிறுவனம் இருக்கு. எல்லாரோட வசதிகளையும் நாப்பது கட்டம் போட்டு ஒப்பிட்டா தலைதான் சுத்தும். எல்லாரும் எல்லாத்துக்கும் "உண்டு"ன்னுதான் போடுவாங்க. அதனால மதிப்பெண் போடுறதை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல சல்லடை. கீழ இருக்கிற நாலுல ஒண்ணுக்கு "இல்லை"ன்னு வந்தாலும் அந்த நிறுவனம் வெளியே.

1️⃣ நாங்க போகணும்னா எதை எடுத்துக்கிட்டுப் போகலாம்?

முகவரிப் பட்டியலை எப்ப வேணாலும், யாரையும் கேக்காம, ஒரு சாதாரண சிஎஸ்வி கோப்பா இறக்கிக்க முடியணும். இதைவிட முக்கியமா, "எனக்கு அனுப்பாதீங்க"ன்னு விலகினவங்க பட்டியலும் கூடவே வரணும். இதை நிறைய பேர் மறந்துடுறாங்க. அது இல்லாம இடம் மாறினா, வேண்டாம்னு சொன்னவங்களுக்கே திரும்பவும் அனுப்ப ஆரம்பிச்சிடுவோம்.

எங்களைச் சந்திக்க வந்த ஒரு நிறுவனம் கோவிலுக்கு எல்லாமே ஒரே செயலியில செஞ்சு தர்றதா அழகா படம் போட்டுக் காட்டினாங்க. அர்ச்சனைப் பதிவு, நன்கொடை, மின்னஞ்சல், எல்லாம். "ரெண்டு வருஷம் கழிச்சு நாங்க விலகினா?"ன்னு ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். "ஏன் ஐயா விலகணும்?"னு சிரிச்சாங்க. அது பதில் இல்ல.

2️⃣ கடிதம் கோவில் பெயர்ல, கோவில் முகவரியில இருந்து போகுமா?

2024 பிப்ரவரியில இருந்து கூகளும் யாஹூவும் மொத்தமா அனுப்புறவங்களுக்கு விதிகளை இறுக்கிட்டாங்க. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000க்கு மேல அனுப்புறவங்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூணும் கட்டாயம். பேர் பயமுறுத்தினாலும் விஷயம் சுலபம். "இந்தக் கடிதம் உண்மையாவே இந்தக் கோவில் அனுப்பினதுதான்"னு காட்டுற முத்திரைகள் அவை. நாம 5,000க்குக் கீழ இருந்தாலும் மூணையும் வெச்சுக்கிறதுதான் நல்லது. கோவிலோட சொந்த இணைய முகவரியில இதை அமைக்க விடாத நிறுவனம் வேண்டாம். அந்த இணைய முகவரியும் கோவில் பெயர்லதான் பதிவாகி இருக்கணும். நமக்குன்னு சேர்ற நல்ல பேர் அந்த முகவரியிலதான் சேரும். நாளைக்கு வேற நிறுவனத்துக்குப் போனாலும் அது நம்மகூடவே வரும்.

3️⃣ விலகுறது ஒரே அழுத்தல்ல முடியுமா?

விலகக் கஷ்டமா இருந்தா மக்கள் என்ன செய்வாங்க? "ஸ்பேம்" பொத்தானை அழுத்துவாங்க. அந்தப் புகார் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாதுன்னு கூகள் சொல்லுது. 4,000 பேர்ல அது கிட்டத்தட்ட 12 பேர். ஒரு டசன் பேர் எரிச்சல்பட்டா போதும், மீதி எல்லாருக்கும் போற கடிதமும் குப்பைப் பெட்டிக்குப் போக ஆரம்பிக்கலாம். போறவங்களை மரியாதையோட போக விடுற நிறுவனம்தான் இருக்கிறவங்களுக்கும் கடிதத்தைக் கொண்டு போய்ச் சேர்க்கும்.

4️⃣ எனக்குப் பின்னாடி வர்ற தொண்டூழியர் இதை ஓட்ட முடியுமா?

கணக்கு கோவில் மின்னஞ்சல்ல இருக்கணும். குறைஞ்சது மூணு பேருக்குத் தனித்தனி நுழைவு, ரெண்டு அடுக்குப் பாதுகாப்பு, ஒருத்தர் விலகினா அவர் நுழைவை மட்டும் உடனே மூடுற வசதி. ஒரே கடவுச்சொல்லை அஞ்சு பேர் வாட்ஸ்அப்ல பகிர்ந்துக்கிற பழக்கம் இதோட முடியணும்.

இந்தச் சல்லடையில போட்டா பன்னிரண்டு நாலாகவோ மூணாகவோ குறைஞ்சிடும்னு நினைக்கிறேன். இது ஒரு மாலை நேர வேலை. ஆறு மாசக் கூட்டம் தேவையில்ல.

🔸 விலை: கொஞ்சம் கவனம்

விலையை எப்படிக் கணக்குப் போடுறாங்க என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மெயில்சிம்ப் பட்டியல்ல எத்தனை பேர் இருக்காங்க என்பதை வெச்சுக் கணக்குப் போடுது. விலகினவங்களையும் நாமளா எடுத்து ஓரமா வைக்கிற வரைக்கும் எண்ணிக்கையில சேர்த்துக்கும். முன்னாடி சென்டின்புளூன்னு இருந்த பிரெவோ, எத்தனை கடிதம் அனுப்புறோம் என்பதை வெச்சுக் கணக்குப் போடுது. நம்மள மாதிரி பெரிய பட்டியல், மாசத்துக்கு ரெண்டு மூணு கடிதம்னு இருக்கிறவங்களுக்கு ரெண்டாவது முறை பொதுவா சாதகம். வாராவாரம் அனுப்புறவங்களுக்குக் கணக்கு வேற மாதிரி வரலாம்.

"இலவசமாவே இருக்கே"ன்னு கேக்குறவங்களுக்கு: பிரெவோவோட இலவசத் திட்டத்துல ஒரு நாளைக்கு 300 கடிதம். 4,000 பேருக்கு அனுப்பி முடிக்க ரெண்டு வாரம். தைப்பூச அறிவிப்பு கடைசி ஆளுக்குப் போய்ச் சேரும்போது காவடியை இறக்கி வெச்சிருப்போம்.

"அமேசான் எஸ்இஎஸ் ரொம்ப மலிவு"ன்னு ஐடி தம்பிகள் சொல்றாங்க. உண்மைதான். ஆயிரம் கடிதத்துக்கு 10 அமெரிக்கக் காசு. மாசம் 16,000 அனுப்பினாலும் ரெண்டு அமெரிக்க வெள்ளிகூட ஆகாது. ஆனா அது வெறும் எஞ்சின். வண்டியை நாமதான் கட்டணும். கட்டின தம்பி வேலை மாறிப் போனா வண்டி நடு ரோட்டுல நிக்கும். நாலாவது கேள்வியில அது விழுந்துடுது.

சென்னை ஜோஹோவுக்கும் இந்தச் சேவை இருக்கு. "நம்ம ஆளுங்க கம்பெனி"ன்னு பாசத்துல சிலர் சொல்றாங்க. பாசம் நல்லதுதான். அவங்களும் அதே நாலு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். வெளிநாட்டு நிறுவனமோ உள்ளூர் மருமகனோ, சல்லடை ஒண்ணுதான்.

🔸 மூணு பேர் மிஞ்சின பிறகு

விற்க வர்றவங்க காட்டுற மாதிரிக் கடிதத்தை நம்பாம, நம்ம கடிதத்தை வெச்சுச் சோதிக்கணும். போன வருஷத்துப் பிரதோஷ அறிவிப்பை எடுத்து, தமிழும் ஆங்கிலமும் கலந்து, மூணு நிறுவனத்துலயும் ஏத்தி, இருபது தொண்டூழியர்களுக்கு அனுப்பலாம். பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி, ஐபோன், அலுவலக அவுட்லுக், யாஹூ எல்லாம் அதுல இருக்கணும். தலைப்புல தமிழ் எழுத்து உடையாம வருதா? முதன்மைப் பெட்டிக்கு வருதா, விளம்பரப் பகுதிக்குப் போகுதா, குப்பைக்கா?

தமிழ்ல அனுப்புறவங்களுக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. கடிதம் 102 கிலோபைட்டைத் தாண்டினா ஜிமெயில் கீழ்ப்பகுதியை வெட்டிடும். ஒருங்குறியில தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் மூணு பைட் எடுக்கும், ஆங்கில எழுத்து ஒரு பைட்தான். அலங்கார வார்ப்புரு போட்டு நீளமா எழுதினா வெட்டுப்படுறது நாமதான். வெட்டுப்படுற இடத்துலதான் "விலக" என்ற இணைப்பும் இருக்கும். அது மறைஞ்சா மக்கள் ஸ்பேம் பொத்தானுக்குப் போவாங்க. அதே மாதிரி, சுவரொட்டியை ஒரே படமா ஒட்டி அனுப்புற பழக்கத்தையும் விடணும். படம் திறக்கலன்னா பூசை நேரமே தெரியாது. கண் பார்வை குறைஞ்சவங்களுக்குக் கைப்பேசி வாசிச்சுக் காட்டவும் படத்துல ஒண்ணும் இருக்காது.

கடைசிச் சோதனை. கவுன்டர்ல இருக்கிற ஒரு மூத்த அக்காவை உட்கார வெச்சு, யாரும் உதவி செய்யாம, ஒரு அறிவிப்பை அனுப்பச் சொல்லணும். அரை மணி நேரத்துல அவங்க முடிச்சா அதுதான் நம்ம நிறுவனம்.

🔸 "வாட்ஸ்அப் போதாதா?"

இன்னைக்கு நடை சாத்துற நேரம் மாறுதுன்னு சொல்ல வாட்ஸ்அப் போதும், ரொம்ப நல்லது. ஆனா ஒரு குழுவுல 1,024 பேர்தான் சேர முடியும், ஒருத்தர் எண் இன்னொருத்தருக்குத் தெரியும். காலை வணக்கப் படங்களுக்கு நடுவுல உபய விவரம் முங்கிப் போகும். குடமுழுக்கு அழைப்பு, உபயப் பதிவு, ஆண்டுக் கூட்ட அறிவிப்பு மாதிரி தேடி எடுத்துப் படிக்க வேண்டியதுக்கு மின்னஞ்சல்தான் சரி. ரெண்டும் இருக்கட்டும்.

🔸 உங்களால ஆகுறது

நிர்வாகக் குழு உறுப்பினர் யாரையாவது பாத்தா, "எவ்வளவு வெள்ளி?"ன்னு கேக்குறதோட நிறுத்தாம, "பட்டியல் யார் பெயர்ல இருக்கு? விலகினா என்ன ஆகும்?"னும் கேளுங்க. பக்தர்கள் கேட்டா அந்தக் கேள்வி கூட்டக் குறிப்புல ஏறும். ஒரு தொண்டூழியர் மட்டும் கேட்டா அது அவரோட பிடிவாதமாப் போயிடும்.

புது நிறுவனம் எதுவா இருந்தாலும், கோவில்ல இருந்து உங்க சம்மதம் கேட்டு ஒரு தடவை கடிதம் வரணும்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். வந்தா பதில் போடுங்க. வேண்டாம்னா தாராளமா விலகுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டோம். ஸ்பேம்ல மட்டும் போடாதீங்க. உங்க பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் போக வேண்டிய பூசை அறிவிப்பும் அதோட சேர்ந்து மாட்டிக்கும்.

மாற்றுக் கருத்து இருந்தா கீழ எழுதுங்க. இந்த மாதக் குழுக் கூட்டத்துக்கு நான் அச்சடிச்சுக் கொண்டு போறேன்.

எல்லாருக்கும் இறையருள் கிட்டட்டும் 🙏