பாஸ் உண்டு, பஸ் எங்கே?



விடியற்காலை ஐந்தரை மணி. சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையிலே காற்று இன்னும் குளிர்ந்து வீசுகிறது. இரவு படகேறிப் போன தகப்பன் கரை திரும்பவில்லை. தாய் கூடையைக் கழுவி வைத்து, மீன் ஏலத்துக்குக் காத்திருக்கிறாள். மகளோ பழையதைக் குடித்துவிட்டு, மதியச் சோற்றை டப்பாவிலே அடைத்துக்கொண்டு, புத்தகப் பையோடு சாலை ஓரத்திலே வந்து நிற்கிறாள். அந்தக் குடும்பத்திலே கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவள் அவள்தான். எதற்காக நிற்கிறாள்? பஸ்ஸுக்காக!

அவளுக்கு நாம் பெயர் வைக்க வேண்டியதில்லை. கல்பாக்கத்திலே, புதுப்பட்டினத்திலே, திருக்கழுக்குன்றத்திலே, மதுராந்தகத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் நிற்கிறாள். அவள் அண்ணனும் நிற்கிறான். வீட்டிலே கார் இல்லை. மோட்டார் சைக்கிள் வாங்கத் தவணைப் பணம் இல்லை. இருப்பது இரண்டு கால். கையிலே ஒரு பாஸ்.

படிப்பு வேண்டுமென்று நாம் கேட்டோம், கிடைத்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. 2021-22ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கணக்குப்படி, கல்லூரி வயதுள்ள நூறு பேரிலே இந்தியா முழுவதும் 28 பேர் உயர்கல்வியிலே சேருகிறார்கள். தமிழ்நாட்டிலே 47 பேர். பதினொன்றாம் வகுப்பிலே சைக்கிள் வந்தது. அரசுக் கல்லூரி மாணவருக்குக் கட்டணமில்லாப் பயண அட்டை வந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளிலே பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. அரசுப் பள்ளியிலே படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2022 செப்டம்பரிலும், பையனுக்கும் அதே தொகை என்று 2024 ஆகஸ்டிலும் திட்டங்கள் தொடங்கின.

நல்லவைதான். வரவேற்போம். ஆனால் ஒரு கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. பூட்டுக்குச் சாவி கொடுத்தார்கள், கதவு எங்கே? பாஸ் கொடுத்தார்கள், பஸ் எங்கே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடற்கரை ஊரிலிருந்து செங்கல்பட்டு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது. பக்கத்து ரயில் நிலையம் செங்கல்பட்டுதான். பஸ் வந்து, நின்று நின்று போய்ச் சேர ஒரு மணி நேரம். அது செங்கல்பட்டுக் கல்லூரிக்குப் போகிற பிள்ளையின் கதை. சென்னைக் கல்லூரியிலே இடம் கிடைத்த பிள்ளைக்கு அங்கிருந்துதான் பயணமே தொடங்குகிறது! கடற்கரை நிலையம் வரையிலே மின்சார ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம்.

காத்திருப்பதையும் சேர்த்து, பக்கத்துக் கல்லூரி, தூரத்துக் கல்லூரி இரண்டுக்கும் நடுவாக, நாளைக்கு நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 180 கல்லூரி நாள். ஆக 720 மணி நேரம். மூன்று ஆண்டுப் பட்டப் படிப்புக்கு 2,160 மணி நேரம். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் பாடம் நடக்கிறது என்றால், 432 கல்லூரி நாள்! பணக்கார வீட்டுப் பிள்ளை மூன்று ஆண்டிலே பட்டம் வாங்குகிறான். நம் வீட்டுப் பிள்ளை அதே பட்டத்துக்கு மூன்றாண்டு வகுப்பிலும், இரண்டாண்டுக்கு மேலே பஸ்ஸிலும் உட்கார்ந்து, இல்லை, நின்றுகொண்டே படிக்கிறான்!

கட்டணத்தை ஒழித்துவிட்டோம் என்கிறார்களே, ஒழியவில்லை. பணமாக வாங்கியதை இப்போது நேரமாக வாங்குகிறார்கள். தூக்கமாக வாங்குகிறார்கள். தூரம்தான் இன்றைய கல்விக் கட்டணம்.

இதிலே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. தேர்வு எழுத நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை வேண்டும் என்பது பல்கலைக் கழக விதி. பஸ் அரை மணி தாமதமானால் முதல் வகுப்பு போயிற்று. பல கல்லூரிகளிலே முதல் வகுப்பு போனால் அரை நாள் வருகை போயிற்று. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் இப்படிப் போனால், பருவ முடிவிலே வருகைப் பதிவேடு என்ன சொல்லும்? "இவள் ஒழுங்காக வருவதில்லை" என்று சொல்லும். பஸ் ஒழுங்காக வரவில்லை என்று எந்தப் பதிவேடும் எழுதாது!

ஆகவேதான் பிள்ளைகள் நிரம்பி வழிகிற வண்டியையும் விடுவதில்லை. அடுத்த வண்டி எப்போது என்று தெரியாததால் தொற்றிக்கொள்கிறார்கள். அதன் விலை என்ன என்று நம் மாவட்டத்துக்குத் தெரியும். 2024 மார்ச் 12ஆம் நாள், மதுராந்தகம் பக்கத்திலே பெருஞ்சாலையில், பேருந்தின் படிக்கட்டிலே நின்று போன கல்லூரி மாணவர் நால்வர் லாரியில் அடிபட்டு மாண்டார்கள். அதற்கு முன்பு, 2018 ஜூலை 24ஆம் நாள், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் திருமால்பூர் போகும் ரயிலிலே தொங்கிச் சென்றவர்கள் பரங்கிமலை நிலையத்துச் சுவரிலே மோதி விழுந்தார்கள்; அங்கும் இளம் உயிர்கள் போயின. ஒவ்வொரு முறையும் இரங்கல், நிவாரணம், "படிக்கட்டில் பயணம் செய்யாதீர்" என்று பலகை. பலகை வந்தது. வண்டி வந்ததா?

படிக்கட்டிலே தொங்குவதை வீரம் என்று நினைக்கும் சில பிள்ளைகளும் உண்டு. உள்ளே இடம் இருக்கும்போதே வாசலிலே நிற்கிறவனைத் தடுத்துத் திருத்த வேண்டியது நம் கடமை. ஆனால் உள்ளே கால் வைக்கவும் இடமில்லாத வண்டியிலே தொங்குகிறவனையும் அவனையும் ஒரே தராசிலே நிறுத்தலாமா?

இன்னொன்றையும் மறக்காதீர்கள். கண்டக்டரும் டிரைவரும் நமக்கு எதிரிகள் அல்லர். அவர்களும் நம்மைப் போல உழைப்பாளிகள். வண்டி போதாமலும் ஆள் போதாமலும் இரட்டைப் பாடு படுகிறவர்கள். மாணவனும் கண்டக்டரும் வாசற்படியிலே சண்டை போட்டுக்கொள்ளும் வரையிலே, கால அட்டவணை போடுகிறவர் அறையிலே நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்!

"விடுதியிலே தங்கலாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். விடுதி இடங்கள் அளவுக்குட்பட்டவை. அதோடு, அந்தப் பெண் மாலையிலே வீடு திரும்பித் தம்பியைப் பார்த்துக்கொண்டால்தான் தாய் கூடை தூக்க முடியும். "வண்டி விட்டால் நஷ்டம்" என்கிறார்கள் இன்னும் சிலர். மாணவர் பாஸுக்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு செய்கிறதே! பள்ளிக்கூடத்திலே லாபம் பார்க்கிறோமா, பள்ளிக்குப் போகும் வண்டியிலே பார்க்க?

"வழி இல்லை" என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. 2019 அக்டோபரிலே இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்திலே சந்தித்தார்கள். சாலை பளபளத்தது; சுவர்கள் வண்ணம் பூசிக்கொண்டன. 2022ஆம் ஆண்டு அதே மாமல்லபுரத்திலே சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்களை வரவேற்றதிலே நமக்கும் பெருமைதான். மனம் இருந்தால் வண்டி ஓடும் என்று அன்று கண்டோம். சதுரங்கம் ஆட வந்தவருக்குக் கிடைத்த கவனிப்பிலே நூற்றில் ஒரு பங்கு சதுரங்கப்பட்டினத்து மாணவிக்குக் கிடைக்கக் கூடாதா?

குறை எங்கே இருக்கிறது? கட்டடத்தை ஒருவர் கட்டுகிறார். பஸ்ஸை வேறொருவர் விடுகிறார். ரயிலை மூன்றாமவர் ஓட்டுகிறார். மூவரும் ஒரு மேசையிலே உட்காருவதில்லை. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே, நாலாபுறமும் பஸ்ஸும் ரயிலும் வந்து சேருகிற இடத்திலே, நூறாண்டுக்கு மேலாக இருந்த சட்டக் கல்லூரியை 2018ஆம் ஆண்டு புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் மாற்றினார்கள். புதுப்பாக்கம் நம் செங்கல்பட்டுப் பக்கம்தான். ரயில் நிலையம் இல்லாத இடம். மாற்ற வேண்டாம் என்று மாணவர்கள் போராடினார்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பரிலே திறந்தபோது, பக்கத்திலே ரயில் நிற்க நிலையம் இல்லை. முதலிலே கட்டடம், பிறகு வழி! வீட்டைக் கட்டிவிட்டு வாசலைத் தேடும் வேலை இது.

தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளே, நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளே இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் விதி எழுதினோம். சிறு பிள்ளைக்குத் தூரத்தை அளந்த நாடு, பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வானேன்? ஊருக்கு ஊர் கல்லூரி கட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால் தூரத்தை நேரத்தாலே அளக்கட்டும்.

நாம் கேட்பது நான்கே நான்கு. கல்லூரி மணி அடிப்பதற்கு முன்பே செங்கல்பட்டு போய்ச் சேரும்படி காலை வண்டிகளுக்கு நேரம் குறிக்க வேண்டும். மாலையிலே ரயில் வந்து சேர்ந்த பிறகே கடற்கரைக்குக் கடைசி பஸ் புறப்பட வேண்டும். ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் நடை தூரம்தான், ஆகாத காரியமல்ல. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் போக்குவரத்துக் கழகம், ரயில்வே, கல்லூரி முதல்வர்கள் மூவரும் ஒரு நாள் கூடி நேரத்தைப் பொருத்த வேண்டும். புதிதாக ஒரு கல்லூரியைத் திறந்தாலோ மாற்றினாலோ, அந்த உத்தரவிலேயே பஸ் வழியும் எழுதப்பட வேண்டும்.

தோழர்களே, இதைக் கேட்பது மாணவர் வேலை என்று ஒதுங்காதீர்கள். அவர்கள் மூன்று ஆண்டிலே போய்விடுவார்கள். ஊரிலே இருக்கப் போகிறவர்கள் நாம். மேடை போட வேண்டாம். ஒரு வாரம், நாளுக்கு இருவராக, உங்கள் ஊர் நிறுத்தத்திலே காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை நில்லுங்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பிள்ளைகள் ஏறினார்கள், எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்று நோட்டிலே குறித்துக்கொள்ளுங்கள். கோஷத்துக்குப் பதில் சொல்லாத அதிகாரி கணக்குக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தக் கணக்கைக் கிராம சபையிலே வையுங்கள். குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் எல்லாம் கிராம சபை கூடும் நாட்கள்தானே? தீர்மானமாக நிறைவேற்றி, பணிமனை மேலாளருக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, கல்லூரி முதல்வருக்கு ஒன்று என்று நகல் கொடுங்கள். தாய்மார்களை அழைத்து வாருங்கள். மகள் வீடு திரும்பும் வரையிலே திண்ணையிலே உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தாம்.

பெரிய புரட்சி அல்ல இது. ஒரு பஸ், சரியான நேரத்துக்கு. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பஸ் வராததாலே நின்று போகும் படிப்பு ஒன்றா இரண்டா?

நாளைக் காலை ஐந்தரைக்கு அவள் அங்கே நிற்பாள். பக்கத்திலே நோட்டுப் புத்தகத்தோடு நீங்களும் நில்லுங்கள்!