பலெர்மோவில் தீர்ந்தது, முப்பந்தலில் தொடர்வது
இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகருக்கு அருகே பார்த்தினிகோ-மொன்றியாலே பகுதியில் இயங்கிய 19 பழைய காற்றாலைகள் அகற்றப்பட்டு, 10 பெரிய காற்றாலைகள் 2023ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கின. நிறுவுதிறன் சுமார் 16 மெகாவாட்டிலிருந்து 42 மெகாவாட்டாக உயர்ந்தது.

இதற்கு முதன்மைக் காரணம் காற்றாலைகளின் அளவே. ஆயினும் அவற்றுக்கு இடையிலான தூரமும் முக்கியமானது. முன்னால் சுழலும் காற்றாலை காற்றின் ஆற்றலை எடுத்துக்கொள்வதால், பின்னால் நிற்பதற்கு வேகம் குறைந்த, கொந்தளிப்பான காற்றே எஞ்சுகிறது.

தமிழ்நாட்டின் முப்பந்தலில் 1990களில் நெருக்கமாக நிறுவப்பட்ட சிறிய காற்றாலைகளின் சிக்கலும் இதுவே. அவற்றைப் புதுப்பிப்பதற்கான கொள்கையை மாநில அரசு 2024இல் வெளியிட்டது. ஆனால் சிசிலியில் உரிமையாளர் ஒரே நிறுவனம்; முப்பந்தலிலோ பலர். ஒருவர் நிறுவும் உயரமான காற்றாலை அண்டை உரிமையாளரின் காற்றை மறித்தால், அந்த இழப்பை ஈடுசெய்வது யார் என்பதில் உடன்பாடு ஏற்படாமல் பணிகள் விரைவடைவது கடினம்.