படைவீரரின் நீரிழிவும் அரசின் கணக்கும்

போரிலே ஒருவர் காலை இழந்தால் அது போரினால் நேர்ந்தது என்பதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. ஆனால் போர்க்களத்தை விட்டுத் திரும்பி முப்பது ஆண்டுகள் கழிந்தபின் அவருக்கு நீரிழிவு நோய் காணுமாயின், அதற்கும் போருக்கும் தொடர்பு உண்டென்று மெய்ப்பிப்பது யார் கடமை? நோயாளியின் கடமையா, அவரை அனுப்பிய அரசின் கடமையா? இக்கேள்வியின் பேரில் ஐக்கிய அமெரிக்க நாட்டில் எண்ணிறந்த மேல்முறையீடுகள் நடந்துள்ளன. இன்றும் நடந்து வருகின்றன. சர்க்கரை நோயின் போக்கை வீட்டிலேயே கண்டறிந்த குடும்பங்கள் நம் வாசகரிடையே பல உண்டாதலால், இம்மாதம் இதனை எடுத்துக்கொள்கிறோம்.

1962 முதல் 1971 வரை வியட்நாமின் காடுகளில் இலைகளை உதிர்க்கவும் பயிர்களை அழிக்கவும் அமெரிக்கப் படை 7 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட களைக்கொல்லிகளைத் தெளித்தது. அவற்றுள் பெரும்பகுதி, பீப்பாய்களின் மேல் தீட்டிய ஆரஞ்சு நிறப் பட்டையால் 'ஏஜென்ட் ஆரஞ்சு' என்று பெயர் பெற்றது. அதில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு கலந்திருந்தது. அந்த மழை யார் தலைமீது முதலில் பொழிந்ததோ அந்த வியட்நாமிய உழவர்களுக்கு, நாம் இங்கு விவரிக்கப்போகும் மேல்முறையீடு எதுவும் இல்லை. நஞ்சைச் செய்த நிறுவனங்கள்மீது அவர்கள் தொடுத்த வழக்கை அமெரிக்க நீதிமன்றம் 2005-இல் தள்ளுபடி செய்துவிட்டது. இதனை ஒரு பக்கத்தில் குறித்துக்கொண்டே மேலே செல்வோம்.

நாடு திரும்பிய வீரர்கள் நோயுற்றபோது, எந்த நாளில் எந்த இடத்தில் எவ்வளவு நஞ்சு தம்மீது பட்டது என்று காட்டும்படி கேட்கப்பட்டனர். எவரால் காட்ட முடியும்? 1991-இல் இயற்றப்பட்ட சட்டம் இந்தச் சுமையை இறக்கிவைத்தது. 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரை வியட்நாமில் பணிபுரிந்தவர் நஞ்சுக்கு ஆளானவரென்றே கொள்ள வேண்டும். பட்டியலில் உள்ள நோய் கண்டால் அது பணியினால் வந்ததென்றே கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். 2000-ஆம் ஆண்டில் அறிவியல் கழகத்தின் மருத்துவ அறிஞர் குழு, களைக்கொல்லிக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதற்கு ஓரளவு சான்று உண்டெனத் தெரிவித்தது. 2001-இல் நீரிழிவும் அப்பட்டியலில் ஏறிற்று. உறுதியான சான்று அன்று, ஓரளவு சான்றுதான். அதுவே போதும் என்று அரசு ஏற்றது நேர்மையான செயலே.

அப்படியாயின் வழக்கு எதற்கு? முதலாவதாக, 'வியட்நாமில்' என்ற ஒரு சொல்லுக்காக. கரையில் கால் வைத்தவருக்கு உரிமை உண்டு. கரைக்கு அப்பால் கப்பலில் நின்றவருக்கு உண்டா? நீரிழிவினால் நரம்பும் சிறுநீரகமும் கண்ணும் கெட்ட கடற்படை வீரர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை என்றது. நீரிழிவும் புற்றுநோயும் கண்ட மற்றொரு மாலுமியின் வழக்கில், அதே நீதிமன்றம் 2019-இல் தன் தீர்ப்பைத் தானே மாற்றி, ஒரு நாட்டின் கடல் எல்லையும் அந்நாடே என்றது. அவ்வாண்டே சட்டமும் அதற்கேற்ப இயற்றப்பட்டது. இடைப்பட்ட பதினோராண்டுகளில் எத்தனை மாலுமிகள் கண் மூடினரோ!

அடுத்தது விழுக்காட்டுக் கணக்கு. உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் அடங்கும் நீரிழிவுக்கு 10 விழுக்காடு. மாத்திரையோ இன்சுலினோ உணவுக் கட்டுப்பாட்டுடன் தேவைப்பட்டால் 20. நாற்பதுக்கு ஏற வேண்டுமானால், இன்சுலினும் உணவுக் கட்டுப்பாடும் இருப்பதோடு, கடும் உழைப்பையும் ஓட்டமாட்டத்தையும் தவிர்க்கும்படி நோய் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும். அதற்கு மருத்துவச் சான்று இன்றியமையாதது என்று 2007-இல் நீதிமன்றம் கூறிவிட்டது. நீரிழிவு கண்டவரிடம் மருத்துவர் சொல்லும் முதல் அறிவுரை என்னவென்று நம் வாசகர் அறிவர்: 'நாள்தோறும் நடந்து செல்லுங்கள், உடம்புக்கு வேலை கொடுங்கள்.' இந்த நல்லுரை மருத்துவக் குறிப்பில் ஏறியதும், மனுதாரரின் நாற்பது விழுக்காட்டுக்கு அதுவே எதிர்ச்சாட்சி ஆகிவிடுகிறது! இவ்விதியை வகுத்தவர்கள் நீரிழிவு நோயாளி ஒருவரோடு ஒரு வாரம் வாழ்ந்து பார்த்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

விழுக்காடுகளைக் கூட்டும் முறையும் தனி. நாற்பதும் இருபதும் அங்கே அறுபது ஆவதில்லை. நாற்பது போக எஞ்சிய அறுபதில் இருபது விழுக்காடு பன்னிரண்டு; ஆக ஐம்பத்திரண்டு; அதைக் குறைத்து ஐம்பது என்பர்.

நீரிழிவு தனித்து வரும் நோயன்று. பாதம் மரத்துப்போகிறது, பார்வை மங்குகிறது, சிறுநீரகம் சோர்கிறது. இவை நீரிழிவால் விளைந்தவை என்று காட்டினால் ஒவ்வொன்றுக்கும் தனி விழுக்காடு உண்டு. இங்கேதான் மேல்முறையீடுகள் மிகுதி. இரத்தக் கொதிப்பை எடுத்துக்கொள்வோம். அது நீரிழிவுக்கு முன்னரே கண்டிருந்தால், 'முன் பிறந்ததைப் பின் பிறந்தது எப்படிப் பெற்றிருக்கும்?' என்று பரிசோதித்த மருத்துவர் எழுதி முடித்துவிடுவார், மனு தள்ளப்படும். ஆனால் ஒரு நோய் மற்றொன்றைப் பிறப்பித்ததா என்பது மட்டுமன்று, இருந்ததை மேலும் முற்றச் செய்ததா என்பதும் கேட்கப்பட வேண்டும் என்று 1995-லேயே தீர்ப்பாயிற்று. அந்த இரண்டாம் கேள்விக்கு விடை எழுதப்படாத அறிக்கைகள், மேல்முறையீட்டு வாரியத்தினின்று மீண்டும் கீழே அனுப்பப்படுகின்றன. ஒரு வரி விடுபட்டதற்காக ஒரு முதியவர் மேலும் பல மாதம் காத்திருக்கிறார்.

இரத்தக் கொதிப்புக்கும் களைக்கொல்லிக்கும் உள்ள தொடர்புக்குப் போதிய சான்று உண்டென்று அறிஞர் குழு 2018-இல் கூறியது. அது பட்டியலில் ஏறியதோ 2022 ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டத்தினால்தான். அதற்குமுன் மறுக்கப்பட்டவர்கள் புதிதாக மனுச்செய்ய அச்சட்டம் வழி திறந்தது.

மனுதாரருக்குத் துணை நிற்கும் நல்ல விதி ஒன்றும் உண்டு. ஆம் என்பதற்கும் அன்று என்பதற்கும் சான்று சமமாக நின்றால், தீர்ப்பு வீரர் பக்கமே சாய வேண்டும். சாதாரண உரிமை வழக்கில் தராசு சிறிதேனும் தம் பக்கம் தாழ்ந்தால்தான் வழக்காடியவர் வெல்வார். இங்கே நேர்நின்றாலே போதும். 'எந்நேரமும் கால் எரிகிறதென்று இரவில் எழுந்து உட்காருவார்' என்று மனைவி எழுதித் தரும் வாக்குமூலமும் சான்றாகும். நோய் எதனால் வந்ததென்று அவர் சொல்ல இயலாது. ஆயினும் கண்ணால் கண்டதைச் சொல்லலாம். வாரியம் அதனைப் புறந்தள்ள முடியாது.

2019 பிப்ரவரி முதல், மறுக்கப்பட்டவர் ஓராண்டுக்குள் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்: மூத்த அலுவலர் ஒருவரின் மறு ஆய்வு, புதிய சான்றுடன் துணை மனு, அல்லது நேரே வாரியத்துக்கு முறையீடு. வாரியம் மறுத்தால் 120 நாளுக்குள் தனி நீதிமன்றத்தை அணுகலாம். 75 வயது நிறைந்தவர் தம் வழக்கை வாரியத்தில் முன்னதாக எடுக்கும்படி கோரலாம். இத்தகைய விதி தேவைப்படுகிறதென்றால் மனுதாரர்களின் நிலை விளங்குகிறதன்றோ?

வழக்கு முடியுமுன் வீரர் இறந்துபோனால், முன்பெல்லாம் அவர் முறையீடும் அவரோடு மடிந்தது. விதவை புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின், அவர் விட்ட இடத்தினின்று மனைவியே அதனைத் தொடரலாம். அவர் இறப்புக்கென மாதாந்தர உதவித்தொகையும் தனியே உண்டு; ஆனால் பணியால் வந்த நோயே இறப்புக்குக் காரணம் என்று காட்டியாக வேண்டும். இறப்புச் சான்றிதழில் 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதியிருக்கும். இருபதாண்டுகள் உடனிருந்த நீரிழிவின் பெயர் அதில் இராது. முதன்மைக் காரணமாக இல்லாவிடினும் இறப்புக்குக் கணிசமாகத் துணைநின்ற காரணம் என்றாலே சட்டத்துக்குப் போதும். எனவே, கணவருக்கு மருத்துவம் பார்த்தவரைத் தேடிச் சென்று, அவ்வொரு வரியை எழுதித் தரும்படி கேட்பதே பல விதவைகளின் மேல்முறையீட்டில் முதல் வேலையாக உள்ளது.