கோடைப் பயணமும் கையோடு இறங்கும் பையும்

கத்திரி வெயில் தொடங்கும் முன்பே வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, மதுரை எனப் பல இடங்களில் வெப்பம் 100 டிகிரி பாரன்ஹீட்டைக் கடந்துவிடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். பள்ளி விடுமுறையும் கோயில் திருவிழாவும் குலதெய்வ வழிபாடும் திருமண முகூர்த்தங்களும் இதே மாதங்களில்தான் கூடி வருகின்றன. ஆகவே ஆண்டின் மிகக் கடுமையான வெயிலில்தான் நம் குடும்பங்கள் மிக நீண்ட கார்ப் பயணங்களை மேற்கொள்கின்றன. மறுபரிசோதனைக்காக வெளியூர்களிலிருந்து எங்களிடம் வருவோரும், சிகிச்சை முடிந்து ஊர் திரும்புவோரும் இதே சாலைகளில்தான் செல்கிறார்கள்.

புதிய கார் வாங்கும்போது முதலுதவிப் பெட்டி ஒன்றும் உடன் வருகிறது. அதில் பஞ்சு, கட்டுத்துணி, காயத்திற்கான மருந்து ஆகியவை இருக்கும். அப்பெட்டி டிக்கியில் இருப்பதாலேயே அவசரத்திற்கு ஆயத்தமாக இருக்கிறோம் என்று பலர் எண்ணுகின்றனர். இந்த எண்ணத்தோடு நாங்கள் மாறுபடுகிறோம். அப்பெட்டி காயத்திற்கானது; வெயிலுக்கானதும் அன்று, நாட்பட்ட நோய்க்கானதும் அன்று. நோயாளி இருக்கும் ஒரு குடும்பத்திற்குத் தேவை, வீட்டிலிருந்து காருக்கு ஏறி, காரிலிருந்து நம்மோடு இறங்கும் ஒரு கைப்பை. அதைக் காரிலேயே விட்டுச் செல்வது பல வேளைகளில் இல்லாததைவிடத் தீங்கானது என்பதே எங்கள் கருத்து.

மூடிய காரின் வெப்பம்

2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பீடியாட்ரிக்ஸ் என்னும் குழந்தை மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வெயிலில் நிறுத்தி மூடப்பட்ட காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்ந்ததை அது காட்டியது. அந்த உயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்ததால் பெரிய பயன் விளையவில்லை. அக்கணக்கின்படி, வெளியே 35 டிகிரி இருக்கும்போது நிறுத்திய காரினுள் ஒரு மணி நேரத்தில் 57 டிகிரியை நெருங்கும்.

பெரும்பாலான மாத்திரைகளின் உறையில் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே வைக்கவேண்டும் என்று அச்சிடப்பட்டிருக்கும். பயன்பாட்டில் உள்ள இன்சுலினும் பொதுவாக அதே அளவு வெப்பத்தில்தான் சுமார் நான்கு வாரங்கள் வரை தாங்கும். வகைக்கேற்ப இது மாறும். வெப்பத்தில் கெட்ட இன்சுலின் பார்வைக்குப் பெரும்பாலும் மாறாமலே இருக்கும். மருந்தைப் போட்டும் சர்க்கரை குறையாதபோதுதான் அது தெரியவரும். நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையும் வெப்பத்தில் விரைவாக வீரியம் இழக்கும். ஆஸ்துமா நோயாளியின் இன்ஹேலர் அழுத்தம் ஏற்றப்பட்ட குப்பி. மிகுந்த வெப்பத்தில் அது வெடிக்கவும் கூடும். குளுக்கோமீட்டரின் பட்டைகள் வெப்பத்தில் கெட்டால் தவறான அளவைக் காட்டும். ஆறு மாதமாக டேஷ்போர்டில் கிடக்கும் மாத்திரைப் பட்டை நமக்குத் தருவது பொய்யான நம்பிக்கை மட்டுமே. ஜாக்கியும் ஸ்டெப்னியும் காரில் தங்கட்டும். மருந்து தங்கக் கூடாது.

மனிதர்களுக்கும் இதே விதிதான். "இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறேன்" என்று சொல்லிப் பெரியவரையோ குழந்தையையோ காரில் விட்டுக் கடைக்குள் செல்வது வேண்டாம். குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட வேகமாகச் சூடேறும். முதியவருக்கோ தாக உணர்வு குறைந்திருக்கும். தமக்கு ஆகவில்லை என்று சொல்லக்கூட அவருக்குத் தோன்றாது. எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யை நம்பிச் செல்வதும் தீர்வாகாது. எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். மூடிய வாகன நிறுத்தத்தில் புகைநச்சும் சேரும்.

பையில் என்ன இருக்கவேண்டும்?

முதலாவது தண்ணீர். காரில் செல்லும் ஒவ்வொருவருக்கும் 2 லிட்டர் என்று கணக்கிட்டு, உடலை நனைப்பதற்கென மேலும் சில லிட்டர் எடுத்துக்கொள்வது நலம். அன்றன்று புதிதாக நிரப்பவேண்டும். வாரக்கணக்கில் காரில் வெந்த பாட்டில் நீரைக் குடிக்கக் கூடாது.

இரண்டாவது மருந்து. பயண நாட்களுக்கு உரியதோடு மேலும் இரண்டு நாட்களுக்கானதையும், அதன் உறையோடும் சீட்டோடும் வைக்கவேண்டும். இன்சுலினை வெப்பம் புகாத சிறு பெட்டியிலோ அகன்ற வாய்ப் பிளாஸ்கிலோ வைக்கலாம். பனிக்கட்டியைத் துணியில் சுற்றியே உடன் வைக்கவேண்டும். இன்சுலின் பனிக்கட்டியை நேரடியாகத் தொட்டு உறைந்துவிட்டால் அதுவும் பயனற்றுப் போகும்.

மூன்றாவது சர்க்கரை. நீரிழிவு நோயாளிகள் பலர் சாக்லேட்டை நம்புகின்றனர். கோடையில் அது உருகிப்போகும். அதன் கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதையும் தாமதப்படுத்தும். சிறு டப்பாவில் குளுக்கோஸ் பொடி போதும். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் 15 கிராம், அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி, நீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் ஆகியவை வெயில் சோர்வுக்கும் உண்டு, சர்க்கரைக் குறைவுக்கும் உண்டு. மேலும் வெயிலில் தோல் சூடேறும்போது இன்சுலின் வழக்கத்தைவிட விரைவாக உடலில் சேரும். எனவே "வெயில்தான், சரியாகிவிடும்" என்று கடந்துவிடாமல், நீரிழிவு உள்ளவருக்கு முதலில் சர்க்கரையைச் சோதித்துவிடுங்கள்.

நான்காவது குளிர்விக்கும் பொருட்கள்: இரண்டு பருத்தித் துண்டுகள், ஒரு குடை, ஒரு பனையோலை விசிறி. விசிறியைப் பழைய காலத்துப் பொருள் என்று ஒதுக்கவேண்டாம். ஈரத்துண்டும் விசிறியும் சேர்ந்தால் மின்சாரம் இல்லாத நெடுஞ்சாலையிலும் ஓர் உடலைக் குளிர்விக்க முடியும்.

ஐந்தாவது செருப்பு. காரில் செருப்பைக் கழற்றிவிட்டு அமரும் வழக்கம் நம்மிடம் உண்டு. வண்டி நின்றவுடன் பதற்றத்தில் வெறுங்காலோடு தார்ச்சாலையில் இறங்கிவிடுகிறோம். நீரிழிவினால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு தெரியாது. மாலையில் பாதத்தில் கொப்புளத்தைக் கண்ட பிறகே தெரியும். அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகி விரலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுசெல்லவும் கூடும். கோயிலின் கல்தரையிலும் இதே அபாயம் உண்டு. மூடிய செருப்பு ஒரு இணை, பருத்திக் காலுறை ஒரு இணை, இவை இரண்டும் பையில் இருக்கட்டும்.

ஆறாவது ஒரு தாள். நோயின் பெயர், உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்து, இரத்த வகை, உறவினர் இருவரின் தொலைபேசி எண்கள், கடைசியாகப் பெற்ற டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகல் ஆகியவை அதில் இருக்கவேண்டும். எல்லாம் கைப்பேசியில் இருக்கிறது என்பர். சார்ஜ் தீர்ந்த கைப்பேசியும், கடவுச்சொல் தெரியாத கைப்பேசியும் அவசரப் பிரிவில் எவருக்கும் உதவா. அதே தாளில் ஆம்புலன்ஸுக்கான 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கான 1033 ஆகிய எண்களையும் பெரிதாக எழுதிவையுங்கள்.

வண்டியைப் பொறுத்தவரை மூன்று செய்திகள் போதும். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும் காலையில் பாருங்கள். கூலண்டின் அளவைப் புறப்படும் முன் பாருங்கள். எஞ்சின் கொதித்து நின்றால் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள்.

எல்லோருக்கும் ஒரே பை பொருந்தாது

கோடைக்கான அறிவுரைகள் பெரும்பாலும் நலமாக இருப்போருக்காக எழுதப்படுகின்றன. நிறையத் தண்ணீர், இளநீர், உப்பிட்ட மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல் என்று அவை சொல்லும். நோயாளிகளிடையே இவ்வறிவுரை அப்படியே செல்லாது.

டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இளநீர் பாதுகாப்பான பானம் அன்று. அதில் பொட்டாசியம் மிகுதி; வெளியேற்ற முடியாத பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கும். ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் பொட்டாசியம் உண்டு. இதயம் பலவீனமானவருக்கு உப்பிட்ட மோரும் அளவற்ற தண்ணீரும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம். நீரிழிவு உள்ளவருக்குக் கரும்புச் சாறு தாகத்தையே கூட்டும். சாலையோரத்தில் உறவினர் அன்போடு நீட்டும் ஒரு குவளை, நோயைப் பொறுத்து மருந்தாகவோ தீங்காகவோ அமையும்.

நீர் கட்டுப்பாடு உள்ளவர் தமக்குரிய அளவைத் தனி பாட்டிலில் ஊற்றி, அதை மட்டும் பருகட்டும். வெயிலில் மிகுதியாக வியர்க்கும் நாளில் அளவை எவ்வளவு மாற்றலாம் என்பதைப் பயணத்திற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீரை வெளியேற்றும் மாத்திரை, சில இரத்த அழுத்த மாத்திரைகள், சில மனநல மருந்துகள் ஆகியவை வெப்பத்தைத் தாங்கும் உடலின் ஆற்றலைக் குறைக்கின்றன. இவற்றைத் தாமாக நிறுத்துவதும் அபாயமே. வழியில் சிறுநீர் கழிக்க இடமில்லை என்பதால் நீர் மாத்திரையைத் தவிர்ப்போரும், தண்ணீரே குடிக்காமல் வருவோரும் உண்டு. பெண்களிடம் இது மிகுதி. நேரத்தை மாற்றிக் கொடுக்க வழியுண்டு, கேட்கத் தயங்காதீர்கள்.

முதல் அரை மணி நேரம்

"108 வந்துவிடுமே, இவ்வளவு ஏற்பாடு எதற்கு?" என்று கேட்போர் உளர். வரும்; கட்டாயம் அழைக்கவேண்டும். ஆனால் அது வந்து சேரும் வரையுள்ள நிமிடங்கள் குடும்பத்தாரின் கையில்தான் இருக்கின்றன. வெப்பத் தாக்குதலில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது மூளை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவை எவ்வளவு சேதமடையும் என்பதை அந்நிமிடங்களே பெரிதும் தீர்மானிக்கின்றன.

வெயிலில் வந்தவர் குழப்பமாகப் பேசினால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், அல்லது நினைவு தப்பினால் வெப்பத் தாக்குதல் என்றே கருதுங்கள். வியர்வை நின்றிருக்கவேண்டும் என்று காத்திருக்கவேண்டாம். வியர்த்துக்கொண்டிருக்கும்போதும் அது வரலாம். நிழலுக்குக் கொண்டுசெல்லுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விடாமல் விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் ஈரத்துண்டை வையுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். காய்ச்சல் மாத்திரையால் இந்தச் சூடு தணியாது.

மருத்துவமனைகளின் கடமை

குடும்பங்களுக்கு இவ்வளவு சொல்லும் நாங்கள், மருத்துவமனைகள் செய்யவேண்டியதையும் சொல்லியாகவேண்டும். காலையில் "இன்று வீட்டுக்குப் போகலாம்" என்று கூறப்படும் நோயாளி, கணக்கும் காப்பீட்டு ஒப்புதலும் முடிந்து வெளியே வரும்போது பெரும்பாலும் நண்பகல் ஆகிவிடுகிறது. படுக்கையில் பல நாள் கிடந்து தளர்ந்த உடல், அன்றைய வெயிலின் உச்சத்தில் இருநூறு கிலோமீட்டர் பயணத்தைத் தொடங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் தொலைவூர் நோயாளிகள் மாலை நான்கு மணிக்குப் பின் புறப்படும் வரை நிழலும் இருக்கையும் தண்ணீரும் தருவதைச் சிகிச்சையின் பகுதியாகவே மருத்துவமனைகள் கருதவேண்டும். புறநோயாளிப் பிரிவிலும் வெளியூர் முதியோருக்குக் காலை முதல் வேளையை ஒதுக்கவேண்டும். உள்ளே இடமில்லாமல் பெரியவர் ஒருவர் வாகன நிறுத்தத்தில், காருக்குள் அமர்ந்து தம் முறைக்குக் காத்திருக்கும் நிலை எந்த மருத்துவமனையிலும் இருக்கக் கூடாது. இவற்றை நீங்கள் உரிமையோடு கேட்கலாம்.

பையை ஆயத்தம் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். பெரிய செலவும் இல்லை. வீட்டில் ஒருவர் அதற்குப் பொறுப்பேற்கட்டும். வீட்டினுள் வெயில் படாத இடத்தில் அது இருக்கட்டும். புறப்படும்போது தண்ணீரும் இன்சுலினும் சேர்ந்தால் பை நிறைவுபெறும். அடுத்த முறை எங்களைக் காண வரும்போது அதையும் உடன் கொண்டுவாருங்கள். மருந்துப் பட்டியலையும், நோயாளி பருகவேண்டிய நீரின் அளவையும், எந்தப் பானம் ஆகும் எது ஆகாது என்பதையும் ஒன்றாக அமர்ந்து சரிபார்த்து, அந்தத் தாளிலேயே எழுதித் தருகிறோம்.