‘யோசிக்காதை பிள்ளை’ என்றால் போதுமா?

2022 ஜூலை மாதம். பத்தரமுல்லையில் கடவுச்சீட்டு எடுக்க வரிசையில் காத்திருந்த ஒரு பெண்ணுக்கு அங்கேயே பிரசவ வலி வந்து குழந்தையும் பிறந்தது. செய்தியாக வந்தது, பகிர்ந்தோம், மறந்தும் போனோம். அந்த வருஷம் மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் பால்மாவுக்கும் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி வரிசையில் நின்ற பெண்களை நாங்கள் எல்லாருமே கண்டிருப்போம். அவர்களிடம் நாங்கள் சொன்னது ஒன்றுதான்: “யோசிக்காதை பிள்ளை, வயித்தில இருக்கிறதுக்குக் கூடாது.”

கூடாது என்பது உண்மைதான். ஆனால் ஏன் கூடாது, யாரால் அந்த யோசினை வருகிறது என்று நாங்கள் கேட்பதில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். பஸ்ஸைத் தவறவிட்ட பதற்றமோ, மாமியோடு வந்த ஒருநாள் சண்டையோ குழந்தையைப் பாதிக்கும் என்று பயப்படத் தேவையில்லை. கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோன் தாயின் இரத்தத்தில் கூடினாலும், அதில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதியம் செயலிழக்கச் செய்துவிடும். அது இயற்கை போட்ட வேலி. பிரச்சினை, அழுத்தம் மாதக்கணக்காக இறங்காமல் நிற்கும்போதுதான். அப்போது அந்த வேலி பலவீனப்படக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. தாய்க்கு நித்திரை குறைகிறது, சாப்பாடு இறங்குவதில்லை, பிரஷர் ஏறுகிறது. 37 வாரம் நிறையமுதல் குழந்தை பிறப்பதற்கும், 2.5 கிலோவுக்குக் குறைந்த நிறையோடு பிறப்பதற்கும் வாய்ப்புக் கூடுகிறது. அப்படிப் பிறக்கும் குழந்தையின் உடம்பு கெதியாகக் குளிர்ந்துவிடும், பால் குடிக்கக் கஷ்டப்படும், தொற்றுகள் இலகுவில் பிடிக்கும். வளர்ந்த பிறகு நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் வரும் ஆபத்தும் கொஞ்சம் அதிகம்.

கனடாவில் நடந்த ஒரு விஷயம் இங்கே முக்கியம். 1998 ஜனவரியில் கியூபெக் மாகாணத்தைப் பனிமழை தாக்கியது. இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை, சிலருக்கு ஒரு மாதத்துக்கும் மேலாக. அந்த நேரம் கர்ப்பமாக இருந்த பெண்களின் பிள்ளைகளை மொன்றியல் ஆய்வாளர்கள் பல வருஷங்களாகத் தொடர்ந்து கவனித்தார்கள். தாய் அனுபவித்த கஷ்டம் கூடக் கூட, பிள்ளையின் மொழி வளர்ச்சியும் அறிவு வளர்ச்சியும் சராசரியாகக் கொஞ்சம் பின்தங்கியிருந்தன. அதில் கூடுதலாகக் கணக்கில் வந்தது, தாய் எவ்வளவு மனம் உடைந்தாள் என்பதல்ல. எத்தனை நாள் இருட்டில் இருந்தாள், எவ்வளவு இழந்தாள் என்பதுதான்.

அப்படியென்றால் “மனதைத் திடமாக வைத்திரு” என்று தாயிடம் மட்டும் சொல்வது எந்த வகையில் நியாயம்?

எங்கள் நாட்டில் ஏறத்தாழ ஆறு குழந்தைக்கு ஒன்று நிறை குறைவாகப் பிறக்கிறது. தோட்டப்புறங்களில் இது இன்னும் கூட. காரணம் மன அழுத்தம் மட்டுமல்ல. சத்துணவுக் குறைவு, இரத்தசோகை எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் அதே லயத்து அறையில், அதே நாட்சம்பளத்தில், அதே நுண்கடன் தவணையில்தான் பசியும் யோசினையும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. வீட்டுக்காரன் குடித்துவிட்டு வந்து அடித்தால், அதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

எங்களிடம் நல்ல அடித்தளம் ஒன்று இருக்கிறது. வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், இலவச கிளினிக், திரிபோஷா, இதெல்லாம் பல நாடுகளில் இல்லாதவை. கிளினிக்கில் நிறை பார்க்கிறோம், பிரஷர் பார்க்கிறோம், சிறுநீர் பார்க்கிறோம். அதே வரிசையில் இன்னும் இரண்டு கேள்வி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு: “நித்திரை வருகுதா? வீட்டில பயமில்லாம இருக்கிறீங்களா?” மாமியும் கணவனும் பக்கத்தில் நிற்காத ஒரு மூலையில், தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். நேரம் வேண்டுமென்றால் ஆளணி வேண்டும். ஏற்கெனவே ஓடி ஓடி வேலை செய்யும் மிட்வைஃப்மாரின் தலையில் இன்னொரு படிவத்தைக் கட்டிவிடுவது தீர்வல்ல. 84 நாள் பிரசவ விடுமுறை சட்டத்தில் இருந்தாலும், கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெண்களுக்கு அது நடைமுறையில் எட்டுவதில்லை. அதையும் பேசத்தான் வேண்டும்.

இதை வாசிக்கிற கர்ப்பிணித் தாய் ஒருத்தி இருந்தால், அக்கா, இது உங்களைக் குற்றம் சொல்ல எழுதியதல்ல. ஆபத்துக் கூடுகிறது என்றால் கட்டாயம் நடக்கும் என்று அர்த்தமில்லை. கஷ்டமான காலத்தில் சுமந்த எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகள் சுகமாக வளர்கிறார்கள். பாரம் தாங்கேலாமல் இருந்தால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

மற்ற எங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை “யோசிக்காதை” என்று வாய் வரும்போது நிறுத்திவிட்டு, “என்ன யோசினை? நான் எதைச் செய்து தரட்டும்?” என்று கேட்போம். தண்ணீர் அள்ளிக் கொடுப்பதாக இருக்கலாம், கடன்காரனோடு கதைப்பதாக இருக்கலாம். பிள்ளையின் சுகம் அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.